நோமிக் ஆட்டத்தில் தமக்குத் தாமே 100 புள்ளி எழுதிக்கொண்டவர் வென்றவர் ஆவாரா?

பட்டர்வொர்த்திலிருந்து எழுதியிருக்கும் அன்பர் தம் முதன்மைக் கேள்வியை ‘வென்றது யார்’ என்று ஒரே வரியில் கேட்டு முடித்துவிட்டார். ஆனால் அவர் விவரித்திருக்கும் நிகழ்ச்சியைப் படித்தால், அந்த ஒரு வரிக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பது தெரிகிறது. நிகழ்ந்தது இதுதான்: நாசி கண்டார் கடை ஒன்றில் ஐந்து பேர் நோமிக் ஆடுகிறார்கள். ஒவ்வொருவரும் தம் முறையில் ஆட்டத்தின் விதிகளையே மாற்ற முன்மொழிந்து வாக்குக்கு விடும் விளையாட்டு அது; முதலில் 100 புள்ளி பெறுபவர் வென்றவர். இரண்டு சுற்று முடிந்து தே தாரேக் வாங்க எல்லோரும் எழுந்த வேளையில், ஒருவர் மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டவரின் நாற்காலிக்கு மாறிக்கொள்கிறார். மூன்றாம் சுற்றில் தம் முறை வந்ததும், முன்மொழிவு எதையும் வைக்காமல், புள்ளித்தாளில் தம் பெயருக்கு நேரே 100 என்று எழுதி, “விலக்கப்படாதது எல்லாம் அனுமதிக்கப்பட்டது என்கிறது 116ஆம் விதி. இதை விலக்கும் விதி எங்கே, காட்டுங்கள்” என்கிறார். அவருக்கு முன் ஆடியவர், அதாவது அந்த வேளையில் நடுவராக இருக்க வேண்டியவர், அவருடைய மைத்துனர். அவர் “செல்லும்” என்று தீர்ப்பளிக்கிறார். மற்ற மூவரும் தீர்ப்பை மாற்ற வாக்களிக்க, ஆடியவர் மட்டும் எதிர்த்து வாக்களித்ததால் ஏகமனது கிடைக்கவில்லை. அந்த மூவரில் ஒருவர், முடிவே காண முடியாத சிக்கல் எழுந்துவிட்டதால் 213ஆம் விதிப்படி தாமே வென்றதாகக் கிளப்பியிருக்கிறார். ஆக, 100 என்று எழுதிக்கொண்டது விதிப்படி சரியா என்பது ஒரு கேள்வி. சரியில்லை என்றால், அதைச் சரி என்று சொன்ன தீர்ப்பு கட்டுப்படுத்துமா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு ‘இல்லை’ என்றும் இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றும் விடை சொல்லப் போகிறேன். இரண்டும் முரண்படுவதாகத் தோன்றினாலும் உண்மையில் முரண்படவில்லை.

நான் கோலாலம்பூரில் வழக்கறிஞர். பெரும்பாலும் சங்கங்கள், ஆலய நிர்வாகக் குழுக்கள், கூட்டுறவுக் கழகங்கள் ஆகியவற்றின் சட்டவிதிகளை வரைவதும், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் பின் அந்த விதிகளின் பொருள் குறித்து எழும் தகராறுகளில் கருத்துரைப்பதும் என் வேலை. நோமிக்கை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். போட்டி ஆட்டக்காரனாக அல்ல. இந்த விளையாட்டை 1982இல் உருவாக்கியவர் பீட்டர் சூபர் என்ற அமெரிக்க மெய்யியல் பேராசிரியர். அதே ஆண்டு ஜூன் மாத சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர் தம் பத்தியில் அதை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் தன்னையே திருத்திக்கொள்ளலாமா என்ற பழைய சட்டத் தத்துவச் சிக்கலை ஆடிப்பார்க்கக்கூடிய வடிவில் தருவதே சூபரின் நோக்கம். தொடக்கத்தில் 29 விதிகள்: 101 முதல் 116 வரை மாறா விதிகள், 201 முதல் 213 வரை மாறும் விதிகள். உங்கள் குழு முதல் இரண்டு சுற்றுகளில் நிறைவேற்றிய மாற்றங்களைக் கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. ஆகவே இங்கே தொட்டுப் பேசும் விதிகள் அனைத்தும் தொடக்க வடிவிலேயே இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். அவற்றுள் ஏதேனும் ஒன்று மாறியிருந்தால், அதைச் சார்ந்த பகுதியும் மாறும்.

முதலில் 116ஆம் விதி. உங்கள் நண்பர் அதில் பாதியைத்தான் படித்துக் காட்டியிருக்கிறார். விதியால் விலக்கப்படாததும் ஒழுங்குபடுத்தப்படாததும் அனுமதிக்கப்பட்டது என்பதே அதன் முழு வாசகம். அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கும் உண்டு: விதிகளை மாற்றுவது, அதற்கு இடமளிக்கும் விதி இருந்தால் மட்டுமே அனுமதிக்கப்படும். எனவே ‘விலக்கும் விதி எங்கே’ என்று கேட்டால் மட்டும் போதாது, ‘ஒழுங்குபடுத்தும் விதி எங்கே’ என்றும் கேட்க வேண்டும். புள்ளிகளை ஒழுங்குபடுத்தும் விதிகள் ஒன்றல்ல, பல இருக்கின்றன. எல்லோரும் பூஜ்யத்தில் தொடங்குகிறார்கள் என்கிறது 201. பகடையில் விழுந்த எண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது 202. ஏகமனது தேவைப்படாத நிலை வந்தபின், நிறைவேறிய முன்மொழிவை எதிர்த்து வாக்களித்தவர்களுக்குத் தலா 10 புள்ளி தருகிறது 204. தோற்ற முன்மொழிவை வைத்தவரிடமிருந்து 10 புள்ளி கழிக்கிறது 206. புள்ளி என்பதே விதிகளால் மட்டும் உயிர்பெறும் ஒரு கணக்கு. நாற்காலியைப் போலவோ தாளைப் போலவோ விதிகளுக்கு வெளியே கிடக்கும் பொருள் அல்ல.

இதற்கு உங்கள் நண்பர் ஒரு மறுப்புச் சொல்லக்கூடும்: ‘அந்த விதிகள் சில வழிகளைச் சொல்கின்றன, அவை மட்டுமே வழிகள் என்று எங்கே சொல்கின்றன?’ நியாயமான மறுப்புதான்; இதைத் தொல்காப்பியமே எடுத்துப் பேசியிருக்கிறது. ‘எடுத்த மொழி இனஞ்செப்பலும் உரித்தே’ என்பது சொல்லதிகார நூற்பா. கீழ்ச்சேரிக் கோழி அலைத்தது (தாக்கி வருத்தியது) என்றால், மேற்சேரிக் கோழி அலைப்புண்டது என்பதும் சொல்லாமலே பெறப்படும் என்று உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் நூற்பா ‘செப்பலும்’ என்று உம்மை கொடுத்து நிறுத்துகிறது. எடுத்துச் சொன்னது தன் இனத்தையும் குறிக்கலாம் என்கிறதே தவிர, எப்போதும் குறிக்கும் என்று சாதிக்கவில்லை. சட்டத்திலும் இதே நிலைதான். ஒன்றைச் சொன்னதனாலேயே மற்றது விலக்கப்பட்டது என்ற வாதத்தை நீதிமன்றங்கள் ஏற்றும் இருக்கின்றன, தள்ளியும் இருக்கின்றன. ஆகவே 202, 204, 206 ஆகியவற்றை மட்டும் வைத்து முடிவுகட்ட எனக்குத் தயக்கம் உண்டு.

தயக்கத்தைத் தீர்ப்பது 112ஆம் விதி. வெற்றி என்பது குறிப்பிட்ட எண்ணிக்கையில் புள்ளி பெறுவதே, அதை வேறொன்றாக மாற்றக்கூடாது. ஆனால் அந்த எண்ணிக்கையையும் புள்ளி ஈட்டும் வழிகளையும் மாற்றலாம் என்கிறது அது. புள்ளி ஈட்டும் வழிகள் மாற்றத்துக்கு உரியவை என்றால், அவை விதிகளால் நிறுவப்பட்டவை என்றும், புதிய வழியைச் சேர்ப்பதே ஒரு விதிமாற்றம் என்றும் ஆகிறது. விதிமாற்றமோ 116இன் தாராளத்துக்கு உட்படாத ஒரே செயல். அது எழுத்தில் முன்மொழியப்பட்டு, வாக்கெடுப்பில் வென்றாக வேண்டும். உங்கள் நண்பர் துணைக்கு அழைத்த அதே விதியே அவரைத் தடுக்கிறது. மைத்துனர் எழுதியிருக்க வேண்டிய தீர்ப்பு ‘செல்லாது’ என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவர் நாற்காலி மாறியதோ முற்றிலும் வேறு சங்கதி. உங்கள் கேள்வியில் அதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கென்னவோ அன்றைய ஆட்டத்தின் உண்மையான சாமர்த்தியம் அங்கேதான் இருந்தது என்று தோன்றுகிறது. 201ஆம் விதி வலஞ்சுழியாக முறை செல்ல வேண்டும் என்கிறது. யார் எங்கே உட்கார வேண்டும் என்றோ, ஒருமுறை உட்கார்ந்தவர் மாறக்கூடாது என்றோ எந்த விதியும் பேசவில்லை. 212ஆம் விதிப்படி, ஆடுபவருக்கு முந்தைய ஆட்டக்காரரே நடுவர். பழைய வரிசையில் அவருக்கு முன் இருந்தவர் நீங்கள். இடம் மாறியபின் அவருக்கு முன் வந்தவர் மைத்துனர். இருக்கை விலக்கப்படவும் இல்லை, ஒழுங்குபடுத்தப்படவும் இல்லை. 116 உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இதுதான். மூன்றாம் சுற்று தொடங்குமுன்பே மாறியதால் யாருடைய முறையும் தவறவில்லை. இருந்தாலும் இதைத் திட்டவட்டமாகச் சொல்லமாட்டேன். ‘வரிசை’ என்பது ஆட்டத் தொடக்கத்தில் அமைந்த வரிசையையே குறிக்கும் என்று ஒரு நடுவர் ஆட்ட மரபைக் காட்டித் தீர்த்தால், அதையும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அப்போதே யாரும் ஆட்சேபிக்காமல், புதிய வரிசைப்படி மைத்துனர் ஆடி, அவரை அடுத்து நண்பர் தொடங்கவும் விட்டுவிட்டீர்கள். மரபு என்று ஒன்று உருவானால் அது இப்படித்தான் உருவாகும்.

இனி இரண்டாம் கேள்வி. 212ஆம் விதி நடுவருக்குத் தரும் அதிகாரம் மிகப் பெரியது. மற்ற ஆட்டக்காரர்கள் அனைவரும் ஏகமனதாக, அடுத்த முறை தொடங்குமுன் வாக்களித்தால் மட்டுமே தீர்ப்பை மாற்ற முடியும். ‘மற்ற ஆட்டக்காரர்கள்’ என்பது நடுவர் ஒருவரை மட்டுமே விலக்குகிறது, ஆடியவரை விலக்கவில்லை. எனவே ஆடியவருக்குச் சாதகமான தீர்ப்பை அவர் சம்மதம் இல்லாமல் மாற்றவே இயலாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாகக் கூடாது என்பது இயற்கை நீதியின் முதல் பாடம். இந்த விதி ஆடியவரை நீதிபதியாக்கவில்லை, ஆனால் மேல்முறையீட்டின் கதவைச் சாத்தும் தாழ்ப்பாளை அவர் கையில் கொடுத்துவிட்டது. உங்கள் மேசையில் நடந்தது சதி என்றால், அந்தச் சதிக்கு இடம் வைத்தது 116 அன்று, 212.

தீர்ப்பு விதிகளுக்கு இசைந்ததாக இருக்க வேண்டும் என்றும் அதே 212 சொல்கிறதே, இசையாத தீர்ப்பு தானே செல்லாதாகாதா என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டு நீதிமன்ற நடைமுறை இங்கே ஓரளவு ஒளி தருகிறது. நீதிமன்ற ஆணை தவறாகவே இருந்தாலும், அது முறைப்படி நீக்கப்படும்வரை அதற்குக் கீழ்ப்படிந்தாக வேண்டும் என்பது பொது நெறி. சட்டம் அறவே தடுத்திருப்பதைச் செய்யும் ஆணையைச் செல்லாதென்று தள்ள இடமுண்டு என்று மலாய் ஒதுக்கீட்டு நிலம் தொடர்பான ஒரு வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 1998இல் காட்டியிருக்கிறது. ஆனால் தள்ளுவதற்கும் ஒரு நீதிமன்றம் வேண்டும். நோமிக்கில் அது இல்லை. அடுத்த முறை தொடங்கும்வரை எழும் எல்லாக் கேள்விகளையும், நடுவரின் சொந்த அதிகார எல்லை பற்றிய கேள்வியையும்கூட, அதே நடுவரே தீர்க்கிறார் என்று 212 வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஆகவே தீர்ப்பு தவறானது, ஆயினும் கட்டுப்படுத்துவது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

213ஆம் விதியைக் கிளப்பிய நண்பரின் வாதத்தை விரைவாகவே தள்ளிவிடலாம். ஆட்டம் தொடர முடியாமல் போனாலோ, ஒரு நகர்வு சரியா தவறா என்று இறுதியாகத் தீர்மானிக்க முடியாமல் போனாலோ, நடுவரின் மிகச் சிறந்த ஆராய்ச்சியில் அது ஒரே அளவில் சரியாகவும் தவறாகவும் தோன்றினாலோதான் அந்த விதி விழித்தெழும். இங்கே நடுவர் தீர்மானித்துவிட்டார், அதுவும் தெளிவாக; அது பிடிக்காமல் போவது வேறு, தீர்மானிக்க முடியாமல் போவது வேறு. அதோடு, 213 வெற்றியைச் சிக்கலைக் கண்டுபிடித்தவருக்குக் கொடுக்கவில்லை. தம் முறையை முடிக்க இயலாமல் போகும் முதல் ஆட்டக்காரருக்கே கொடுக்கிறது. அந்த நேரத்தில் முறை யாருடையது? 100 என்று எழுதிக்கொண்டவருடையது. அந்த வாதம் வென்றிருந்தால், வழக்காடியவர் தம் எதிராளிக்கே கோப்பையை வாங்கிக் கொடுத்திருப்பார்.

மூவரும் சேர்ந்து பெரும்பான்மையால் புதிய விதி கொண்டுவந்து அந்த 100ஐ அழிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. விதிமாற்றம் எதுவும் பின்னோக்கிச் செல்லக்கூடாது என்பது 107ஆம் விதி. அது மாறா விதி, அதை மாறும் விதியாக்க ஏகமனது வேண்டும், அவர் தரமாட்டார். எஞ்சியிருக்கும் சந்து ஒன்றே ஒன்று: 208ஆம் விதி, முதலில் 100 புள்ளி பெறுபவர் வென்றவர் என்கிறதே ஒழிய, அத்துடன் ஆட்டம் முடிந்தது என்று சொல்லவில்லை. ஆட்டம் தொடர்கிறது என்று கொண்டால், பழைய நடுவரின் தீர்ப்பு புதிய நடுவரைக் கட்டுப்படுத்தாது என்ற 212இன் வாசகம் உயிர்பெறும். உங்கள் முறையில் நடுவராக வருபவர் அதே நண்பர்தான், பயனில்லை. ஆனால் உங்களுக்கு அடுத்தவர் ஆடும்போது நடுவர் நீங்கள். ஆட்டம் முடிந்துவிட்டதா என்ற தகராறு அந்த முறை நிறைவேறுவதைப் பாதிக்கும் என்பதால், அதை நீங்கள் தீர்க்கலாம், 100 புள்ளி செல்லாது என்றும் சொல்லலாம். அழகான வாதம், ஆனால் என்னிடம் கட்டணம் கொடுத்துக் கருத்துக் கேட்டாலும், பலவீனமானது என்றே எழுதிக் கொடுப்பேன். விதி மௌனமாக இருக்கும் இடத்தில் ஆட்ட மரபைப் பார்க்க வேண்டும். வெற்றியாளர் வந்தபின் ஆட்டம் முடிவது எங்கும் உள்ள மரபு. தவிர, அவர் தம் முறையில் முன்மொழிவும் வைக்கவில்லை, பகடையும் உருட்டவில்லை. முறையின் எந்தப் பகுதியையும் விடக்கூடாது என்ற 201 இருக்க, அது முடியாமல் அடுத்தவர் தொடங்குவது எப்படி? இந்த இரண்டையும் தாண்டிச் செல்பவர் இருந்தால் அவருடைய வாதத்தைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.

எழுத்தைப் பார்ப்பதா, நோக்கத்தைப் பார்ப்பதா என்ற உங்கள் பொதுவான கேள்விக்கு இந்த விளையாட்டில் நேரான விடை கிடையாது. மலேசியச் சட்டங்களைப் பொருள்கொள்ளும்போது, சட்டத்தின் நோக்கத்துக்குத் துணைநிற்கும் பொருளையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 1948, 1967ஆம் ஆண்டுகளின் பொருள்விளக்கச் சட்டங்களின் 17ஏ பிரிவு கட்டளையிடுகிறது. நோமிக்கிலோ ஓட்டை தேடுவதே நோக்கத்தின் ஒரு பாகம். 1993 முதல் இணையத்தில் தொடர்ந்து ஆடப்படும் ஆகோரா என்ற நோமிக் இதற்கு ஒரு சமன்பாடு கண்டிருக்கிறது: விதியின் வாசகமே முதலில், அது மௌனமாகவோ முரணாகவோ தெளிவற்றோ இருந்தால் மட்டும் ஆட்ட மரபு, பொதுஅறிவு, முந்தைய தீர்ப்புகள், ஆட்டத்தின் நலன் ஆகிய நான்கும் துணைக்கு வரும். நானும் அதன் பக்கமே. வாசகத்தை முழுவதும் படித்தபின்னும் திறந்தே இருக்கும் வழி ஓட்டை; அதில் நுழைந்தவருக்குப் பரிசு கொடுக்கலாம். பாதி வாசகத்தை மறைத்துத் திறந்த வழிக்கு அந்தப் பெயர் பொருந்தாது. நாற்காலி முதல் வகை, 100 புள்ளி இரண்டாம் வகை.

அடுத்த ஆட்டத்தில் 212ஐ முதல் சுற்றிலேயே திருத்திவிடுங்கள். அப்போது ஏகமனது தேவை என்பது தடையாகத் தோன்றும். ஆனால் யாருக்கும் இன்னும் தனி ஆதாயம் பிறக்காத வேளை அது, சம்மதம் கிடைப்பது அப்போதுதான் எளிது. வரைவில் இரண்டு பொறிகளைக் கவனியுங்கள். ஆடியவருக்கு மேல்முறையீட்டில் வாக்கு இல்லை என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், எழுதாதீர்கள். ஒவ்வொருவருக்கும் எப்போதும் ஒரு வாக்கு உண்டு என்கிறது 207. திருத்தப்பட்ட 212, திருத்தத்தின் எண்ணைப் பெற்று 301 அல்லது அதற்கு மேற்பட்ட எண்ணாகிவிடும். மாறும் விதிகள் மோதினால் சிறிய எண்ணே வெல்லும் என்பது 211, எனவே 207 மேலோங்கும். ‘இவ்விதி 207ஐ மேலோங்கும்’ என்று விதிக்குள்ளேயே எழுதி இதைச் சமாளிக்கலாம். ஆனால் எல்லா ஆட்டக்காரரும் வாக்காளர்களே என்ற 105 மாறா விதி, அதை எந்த வாசகத்தாலும் மேலோங்க முடியாது. அது விதிமாற்ற வாக்கெடுப்புக்கு மட்டுமா, எல்லா வாக்குக்குமா என்று இன்னொரு இரவு சண்டை போட நேரும். வாக்கைப் பறிப்பதைவிட வாசற்படியின் உயரத்தைக் குறைப்பது மேல்: ‘நடுவரின் தீர்ப்பை, நடுவர் நீங்கலான ஆட்டக்காரர்களில் பெரும்பான்மையோர், அடுத்த முறை தொடங்குமுன் வாக்களித்து மாற்றலாம்’ என்று எழுதினால், நால்வரில் மூவர் போதும், ஆடியவரின் வாக்கும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது பொறி, அந்தத் திருத்தத்துக்கே காவல் இல்லாமல் விடுவது. மூன்றாம் சுற்றில் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்ற நிலை வந்ததும், அதை மூன்று பேர் ரத்து செய்துவிட்டுப் பழைய விளையாட்டைக் காட்டலாம். அமெரிக்க அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு, தன் இசைவின்றி எந்த மாநிலமும் செனட் சபையில் சம வாக்குரிமையை இழக்காது என்கிறது. ஆனால் அந்தக் காப்பையே திருத்தி நீக்கிவிட்டுப் பிறகு உரிமையைப் பறிக்கலாமா என்பதற்கு அதன் வாசகத்தில் விடை இல்லாததால், அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 159ஆம் பிரிவு 5ஆம் உட்பிரிவின் இன்றைய வடிவை வரைந்தவர்கள் இதில் விழிப்பாக இருந்தார்கள்: தேசிய மொழி பற்றிய 152, மலாய்க்காரர் முதலியோரின் சிறப்பு நிலை பற்றிய 153 முதலியவற்றைத் திருத்த ஆட்சியாளர்கள் மன்றத்தின் இசைவு வேண்டும் என்று சொல்லிவிட்டு, இந்த உட்பிரிவைத் திருத்தவும் அதே இசைவு வேண்டும் என்று அங்கேயே சேர்த்துவிட்டார்கள். நோமிக்கில் அதே வேலையைச் செய்ய, திருத்திய விதியை மாறா விதியாக உயர்த்த வேண்டும். பிறகு அதைக் கீழிறக்க 109ஆம் விதிப்படி ஏகமனது தேவைப்படும், 109உம் மாறா விதி என்பதால் அதைத் தொடவும் ஏகமனது தேவை. ஆனால் ஒரு முறைக்கு ஒரு விதிமாற்றம்தான்; திருத்துவதை ஒருவரும் உயர்த்துவதை இன்னொருவரும் தத்தம் முறையில் முன்மொழிய வேண்டும், இரண்டாம் சுற்று முடிவதற்குள் இரண்டும் நிறைவேறியிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒருவர் 201ஐத் திருத்தி, ‘ஆட்டம் தொடங்கியபோது அமர்ந்திருந்த வரிசையே இறுதிவரை முறையின் வரிசை’ என்று சேர்த்துவிட்டால், மின்விசிறிக்குப் பயந்து யார் எங்கே மாறினாலும் நடுவர் மாறமாட்டார்.